புதுசா வர்ற இண்டி காமிக்ஸுக்கு 150 வார்த்தையில ரிவ்யூ எழுதுறது எப்படி: முழுமையான வழிகாட்டி

இரும்புக்கை மாயாவியும் டெக்ஸ் வில்லரும் படிச்சு வளர்ந்த கூட்டம் நம்ம கூட்டம். 1972-ல முத்து காமிக்ஸ், 1984-ல லயன் காமிக்ஸ்னு சிவகாசில இருந்து வந்ததையெல்லாம் பரண்ல அடுக்கி வச்சுக்கிட்டு, எது மறுபதிப்பு, எதுக்கு அட்டை மாறுச்சுன்னு தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்ற ஆளுங்க. ஆனா பாருங்க, அதே ஆளு கையில ஒருத்தர் தானே எழுதி தானே வரைஞ்சு தானே பிரிண்ட் போட்டு தானே மேஜை போட்டு விக்கிற 24 பக்க இண்டி காமிக்ஸைக் குடுத்து ரிவ்யூ கேட்டா, "கதை ஓகே, ஓவியம் சூப்பர், விலைதான் கொஞ்சம் ஜாஸ்தி"ன்னு மூணு வரியில கதை முடிஞ்சிடும். நானும் ரொம்ப நாள் இதையேதான் எழுதிட்டு இருந்தேன், எழுதினதை ஒருநாள் வரிசையா வச்சுப் படிச்சப்பதான் தெரிஞ்சுது, புக் பேரை மட்டும் மாத்திப் போட்டா எந்த ரிவ்யூவும் எந்த புக்குக்கும் பொருந்துது. அப்புறம் அதை யாரு படிக்கணும், எதுக்கு படிக்கணும்?

அதுக்கு அப்புறம் நான் மாத்திக்கிட்ட முறைதான் இது. ஒரே விஷயம்தான் இதுல மையம்: புக்குல இருந்து ஒரு பக்கத்தையாவது, ஒரு படக் கட்டத்தையாவது படிக்கிறவன் கண்ணுக்கு முன்னாடி கொண்டு வந்து வைக்கணும். மத்ததெல்லாம் அதைச் சுத்தி வர்றதுதான்.

ஸ்டெப் 1: எந்த புக்கை எடுக்கறது

இண்டின்னா என்னன்னு சண்டை போட ஆரம்பிச்சா விடிஞ்சிடும். 1992-ல ஏழு ஓவியர்கள் பெரிய கம்பெனியை விட்டு வெளிய வந்து இமேஜ் காமிக்ஸ் ஆரம்பிச்சாங்க, அங்க உரிமை படைப்பாளிகிட்டயே இருக்கும், ஆனா இன்னிக்கு அமெரிக்காவுல பெரிய பதிப்பகங்கள் வரிசையில அதுவும் ஒண்ணு, அதை இண்டின்னு சொல்றதா வேணாமா? நான் வச்சிருக்கற கோடு ரொம்ப சிம்பிள், கதையோட உரிமை வரைஞ்சவங்ககிட்ட இருக்கா, அந்த புக் வெளிய வர்றதுக்கு அவங்களோட சொந்தக் காசோ சொந்த உழைப்போ போயிருக்கா, அவ்வளவுதான். 1984-ல ஈஸ்ட்மேனும் லேர்டும் நிஞ்ஜா ஆமைகளோட முதல் இதழை வரிப்பணம் திரும்பி வந்ததையும் மாமாகிட்ட வாங்கின கடனையும் போட்டு சுமார் 3,000 காப்பி கருப்பு-வெள்ளையில அடிச்சாங்க, அது இண்டி. ஜெஃப் ஸ்மித் 1991-ல சொந்தமா பதிப்பகம் வச்சு 'போன்' (Bone)ங்கற காமிக்ஸை ஆரம்பிச்சு, மனைவி விஜயா ஐயர் கம்பெனி நிர்வாகத்தைப் பாத்துக்க, 2004 வரைக்கும் 55 இதழ் கொண்டு வந்து கதையை முடிச்சாரு, அதுவும் இண்டி.

புது புக் எங்க கிடைக்கும்னா, நம்ம பக்கம் இண்டி காமிக்ஸ் ஃபெஸ்ட் மாதிரி நிகழ்ச்சிகள்ல, 2024 பிப்ரவரில சென்னைக்கு முதல் தடவையா வந்த காமிக் கான்ல, பெரிய ஸ்டால் எல்லாம் தாண்டி உள்ள போனா ஓவியர்கள் வரிசையா மேஜை போட்டு உக்காந்திருப்பாங்க, அங்க போங்க. பொம்மை வாங்கற கூட்டம் அங்க இருக்காது, நின்னு பேசலாம். வெளிநாட்டு புக்குன்னா கிக்ஸ்டார்ட்டர் (முன்கூட்டியே காசு திரட்டி புக் போடற தளம்), இட்ச், கம்ரோட் மாதிரி இணையதளங்கள்ல பிடிஎஃப் வாங்கிக்கலாம், தபால் செலவு மிச்சம். அமெரிக்காவுல ஸ்மால் பிரஸ் எக்ஸ்போங்கற சின்ன பதிப்பாளர் திருவிழாவுல 1997-ல இருந்து இக்னாட்ஸ் விருது குடுக்கறாங்க, பரிசா குடுக்கறது நிஜமாவே ஒரு செங்கல், அதுல மினிகாமிக்ஸுக்குன்னு, அதாவது சொந்தமா அடிக்கற சின்ன புக்குக்குன்னு, தனி பிரிவு இருக்கு, அந்தப் பட்டியலைப் பாத்தாலே ஒரு வருஷத்துக்கு படிக்க ஆகும்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், பிடிக்காதுன்னு தெரிஞ்சே ஒரு புக்கை எடுக்காதீங்க. டைரி மாதிரி தன் வாழ்க்கையை வரையற காமிக்ஸ் உங்களுக்கு அலர்ஜின்னா அதை எடுத்து "கதையே இல்லையே"ன்னு எழுதறதுல யாருக்கும் லாபம் இல்ல. தோசைக்கடைல போய் பிரியாணி நல்லா இல்லன்னு சொல்ற மாதிரி.

ஸ்டெப் 2: மூணு தடவை படிங்க

24 பக்கம்தானே, மூணு தடவை படிச்சாலும் ஒரு டீ குடிக்கற நேரம் ரெண்டு டீ ஆகும், அவ்வளவுதான்.

முதல் தடவை சும்மா படிங்க. பேனா, போன் எதுவும் வேணாம். எங்க வேகமா புரட்டினீங்க, எங்க நின்னீங்க, எங்க குழம்பி முன் பக்கத்துக்கு திரும்பினீங்கன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, அந்த மூணு இடம்தான் பின்னாடி உங்க ரிவ்யூவா மாறப் போகுது.

ரெண்டாவது தடவை வசனம் இருக்கற பலூனை படிக்காதீங்க, படத்தை மட்டும் பாத்துட்டே போங்க. வசனம் இல்லாம கதை எவ்வளவு தூரம் புரியுதுன்னு தெரியும். சில புக்குல படம் சும்மா பேசற தலைகளா இருக்கும், வசனத்தை எடுத்துட்டா நாலு பக்கமும் ஒரே பக்கம். சிலதுல வசனத்தை எடுத்ததுக்கு அப்புறம்தான் கதையே நல்லா இருக்கும், அதையும் எழுதலாம், வரைஞ்சவங்க தன் படத்தை நம்பாம வாயால விளக்கிட்டாங்கன்னு.

மூணாவது தடவை பென்சிலோட. பக்க எண் போட்டு குறிப்பு எடுங்க. இண்டி புக்குல பாதிக்கு பக்க எண்ணே இருக்காது, அதனால நீங்களே எண்ணிக்கணும், நடுவுல பின் அடிச்ச புக்குன்னா பக்கம் எப்பவும் நாலோட மடங்குலதான் வரும், 16, 24, 32-ன்னு, கடைசில கணக்கு இடிச்சா நீங்க ஒரு தாளை விட்டுட்டீங்கன்னு அர்த்தம்.

ஸ்டெப் 3: புக்கை தொட்டுப் பாருங்க

பெரிய கம்பெனி புக்குல பேப்பர், அளவு, பைண்டிங் எல்லாம் கம்பெனி முடிவு. இண்டில அது பெரும்பாலும் வரைஞ்சவங்க முடிவு, அதனால அதுவும் கதைல சேர்த்தி. நியூஸ்பிரிண்ட் மாதிரி சொரசொரப்பா இருக்கா, பளபள ஆர்ட் பேப்பரா, பக்கம் முழுசா திறக்குதா, ரெண்டு பக்கம் சேர்த்து வரைஞ்ச பெரிய படம் நடு மடிப்புல விழுந்து காணாம போயிடுச்சா? இந்த கடைசி விஷயத்தை கண்டிப்பா பாருங்க, முதுகுல பசை போட்டு ஒட்டின புக்குல நடுவுல இருக்கற மூஞ்சி பாதி மடிப்புக்குள்ள போயிடும், பிடிஎஃப்ல பாத்தவனுக்கு இது தெரியவே தெரியாது.

ரைசோல அடிச்ச புக் இப்ப நிறைய வருது. ரைசோங்கறது ஜப்பான் கம்பெனியோட டூப்ளிகேட்டர் மெஷின், நம்ம ஊர் பழைய சைக்ளோஸ்டைலுக்கு சொந்தக்காரன்னு வச்சுக்கலாம், ஒவ்வொரு கலருக்கும் ஒரு டிரம், ஒவ்வொரு டிரம்முக்கும் தனித்தனியா மசி ஏறணும். கலர் மேல கலர் அடிக்கும்போது கொஞ்சம் தள்ளி விழும், மசி முழுசா காயாது, விரல்ல ஒட்டும். இங்கதான் நான் ஒரு தடவை நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஒரு சின்ன ரைசோ காமிக்ஸ், கருப்பும் சிவப்பும் மட்டும், ஒரு பையனுக்கு ஜுரம் வர்ற கதை. சில பக்கத்துல சிவப்புக் கலர் கோட்டுக்கு வெளிய ஒரு விரல்கடை தள்ளி விழுந்திருந்துச்சு, நான் பாட்டுக்கு "பிரிண்டிங் சரியில்ல, கலர் நகர்ந்து போயிருக்கு, காசு குடுத்து வாங்கறவங்க கவனிச்சு வாங்குங்க"ன்னு எழுதிட்டேன். மறுநாள் வரைஞ்ச பொண்ணுகிட்ட இருந்து ஒரு மெசேஜ்: "அண்ணா, 7-ல இருந்து 10 வரைக்கும் மட்டும் பாருங்க ப்ளீஸ்." எடுத்துப் பாத்தேன். ஜுரம் ஏறுற நாலு பக்கத்துல மட்டும்தான் சிவப்பு தள்ளி நிக்குது, 11-ல அம்மா நெத்தில ஈரத்துணி போடறாங்க, சிவப்பு போய் கச்சிதமா கோட்டுக்குள்ள உக்காந்துக்குது. புக்கோட மொத்த அழகே அதுதான், அதைத்தான் நான் பிரிண்டிங் தப்புன்னு எழுதி வச்சிருந்தேன். திருத்திப் போட்டு, திருத்தினேன்னும் எழுதிட்டேன், ஆனா முதல்ல படிச்சவன் படிச்சதுதானே.

அதனால ஒரு தப்பு கண்ணுல பட்டா, எல்லா பக்கத்துலயும் இருக்கா, சில பக்கத்துல மட்டுமான்னு பாருங்க. எல்லாத்துலயும்னா மெஷின், சிலதுல மட்டும்னா மனுஷன், பெரும்பாலும்.

ஸ்டெப் 4: ஒரு பக்கத்தைப் பிடிங்க

இதுதான் மொத்த வேலையும். உங்களை நிறுத்தின ஒரு பக்கத்தை எடுத்து, அது ஏன் நிறுத்துச்சுன்னு கண்டுபிடிக்கணும். "செம பக்கம்"னு சொல்றது ஈஸி, ஏன் செமன்னு சொல்றதுக்குதான் கொஞ்சம் பழகணும்.

முதல்ல கட்டங்களை எண்ணுங்க. ஆறா, ஒம்போதா, ஒண்ணே ஒண்ணா? புக் முழுக்க ஆறு ஆறா போயிட்டு இருந்து திடீர்னு ஒரே படமா பக்கத்தை நிரப்பினா அங்க என்னமோ நடந்திருக்கு. அப்புறம் அது இடப்பக்கமா வலப்பக்கமான்னு பாருங்க, விஷயம் தெரிஞ்சவங்க அதிர்ச்சியை எப்பவும் தாளைத் திருப்பினதும் வர்ற இடப்பக்கத்துலதான் ஒளிச்சு வைப்பாங்க, வலப்பக்கத்துல வச்சா திருப்பறதுக்கு முன்னாடியே ஓரக்கண்ல தெரிஞ்சு புஸ்ஸுன்னு போயிடும்.

அடுத்தது ரெண்டு கட்டத்துக்கு நடுவுல இருக்கற வெள்ளை இடம். ஸ்காட் மெக்ளவுட் 1993-ல காமிக்ஸ் பத்தியே காமிக்ஸா போட்ட புத்தகத்துல, ஒரு கட்டத்துல இருந்து அடுத்த கட்டத்துக்கு ஆறு விதமா தாவலாம்னு பிரிச்சு வச்சிருக்காரு: கணத்துல இருந்து அடுத்த கணம், செயல்ல இருந்து செயல், ஒரே காட்சிக்குள்ள ஆள்ல இருந்து ஆள், காட்சியில இருந்து வேற காட்சி, ஒரே இடத்தோட வேற வேற கோணம், அப்புறம் சம்பந்தமே இல்லாத தாவல். இந்தப் பேரையெல்லாம் ரிவ்யூல எழுத வேணாம், படிக்கறவன் கொட்டாவி விடுவான். ஆனா பாக்கும்போது மனசுல வச்சுக்கங்க. டெக்ஸ் கதைல துப்பாக்கியை உருவறாரு, அடுத்த கட்டத்துல ஆள் விழறான், அது செயல்ல இருந்து செயல், நமக்கு சின்ன வயசுல இருந்தே பழகின தாவல். இண்டி காமிக்ஸ்ல நாலு கட்டம் வரிசையா சமையல்கட்டு ஜன்னல், கரி பிடிச்ச பால் பாத்திரம், காலண்டர், ஈரத் தரைன்னு வரும், யாரும் இல்ல, ஒண்ணும் நடக்கல. அதைப் பாத்துட்டுதான் நம்ம ஆளுங்க "கதை நகரவே இல்ல"ன்னு சொல்றாங்க. நகரல, நிக்குது, நிக்கறதுக்குதான் வரைஞ்சிருக்காங்க. அந்த நிக்கறது வேலை செய்யுதா இல்ல சும்மா பக்கத்தை ரொப்பறதுக்கானு சொல்றதுதான் உங்க வேலை.

ஸ்டெப் 5: எழுத்தை விட்டுடாதீங்க

லெட்டரிங், அதாவது பலூனுக்குள்ள எழுத்து போடற விதம், அதைப் பத்தி யாருமே எழுதறதில்ல, ஆனா ஒரு புக்கை பாதில மூடி வைக்கறதுக்கு முக்காவாசி காரணம் அதுதான். பலூன் எந்த வரிசைல படிக்கணும்னு குழப்பம் இருக்கா? பலூனோட வால் சரியான வாயை நோக்கிப் போகுதா? தமிழ்ல வர்ற புக்குன்னா இன்னும் கூடுதலா பாக்கணும். நம்ம வார்த்தை நீளம், "பார்த்துக்கொண்டிருந்தேன்"ங்கற ஒரே வார்த்தை சின்ன பலூனுக்குள்ள நுழையவே நுழையாது, நடுவுல உடைச்சே ஆகணும், "பார்த்துக்கொ" மேல, "ண்டிருந்தேன்" கீழன்னு உடைச்சா படிக்கறவனுக்கு பல்லுல கல்லு கடிச்ச மாதிரி இருக்கும். மேல ஏறற சுழியும் கீழ இறங்கற காலும் வேற, வரிக்கு வரி இடைவெளி குறைஞ்சா மேல் வரியோட கால் கீழ் வரியோட தலைல இடிக்கும். கணக்குப் போட்டு பேச்சுத் தமிழ்ல "பாத்துட்டு இருந்தேன்"ன்னு எழுதினவங்க பலூன் எப்பவும் காத்தோட்டமா இருக்கும். இதை கவனிச்சு ஒரு வரி பாராட்டினீங்கன்னா அந்த படைப்பாளி அன்னிக்கு பூரா தூங்க மாட்டாங்க, யாருமே சொல்லாத பாராட்டு அது.

லெட்டரிங் தனி ஆள் பண்ணியிருந்தா பேர் போடுங்க. கலர் பண்ணவங்க பேரும்தான். கதாசிரியர் பேரை மட்டும் போட்டு ஓவியர் பேரை விடறது இருக்கே, அது மன்னிக்கவே முடியாத வேலை.

ஸ்டெப் 6: இப்ப எழுதுங்க

100-ல இருந்து 180 வார்த்தை. அதுக்கு மேல போனா குட்டி ரிவ்யூ இல்ல. கதைச்சுருக்கம் ரெண்டே வாக்கியம், அதுவும் புக்கோட முதல் மூணுல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, 24 பக்கம்னா 8-வது பக்கத்தோட உங்க வாய் மூடிக்கணும். மிச்ச வார்த்தையில பாதியை அந்த ஒரு பக்கத்துக்குக் குடுங்க. ஒரு குறை, ஒரு தகவல் வரி, முடிஞ்சுது.

உதாரணத்துக்கு நானே ஒரு புக்கை கற்பனை பண்ணிக்கறேன், தேடாதீங்க, கிடைக்காது. தண்ணி லாரிக்காக தெருவுல குடம் வரிசை வச்சுட்டு காத்திருக்கற ஒரு பாட்டி, பேத்தி பத்தின 24 பக்க காமிக்ஸ், கருப்போட நீலம் மட்டும். நான் முன்னாடி எழுதிட்டு இருந்த மாதிரி எழுதினா இப்படி வரும்: "தண்ணீர் பிரச்சினையை அருமையாக சொல்லும் படைப்பு. ஓவியங்கள் கண்ணைக் கவர்கின்றன. கிளைமாக்ஸ் நெஞ்சைத் தொடும். அனைவரும் வாங்கி ஆதரவு தரவும்." இதைப் படிச்சா ஏதோ அரசு விளம்பரம்னு நினைச்சு தாண்டிப் போயிடுவாங்க. இப்ப எழுதற மாதிரி எழுதறேன்:

"காலைல நாலு மணி. ஏழாவது குடத்துக்கு பக்கத்துல பாட்டி உக்காந்திருக்கா, பேத்தி அவ மடியில தூங்கறா. லாரி வரணும், அதுதான் கதை. ஒவ்வொரு பக்கமும் அதே ஆறு கட்டம், அதே தெரு, குடங்க மட்டும் கூடிக்கிட்டே போகுது, ஆளுங்க வந்து குடத்தை வச்சுட்டு போயிடறாங்க, கொஞ்ச நேரத்துல குடமே ஆளுங்க மாதிரி தெரிய ஆரம்பிக்குது, ஒண்ணு நசுங்கினது, ஒண்ணு புதுசு, ஒண்ணு மேல செருப்பை வச்சு இடம் பிடிச்சிருக்கு. நீலம் எங்கயுமே இல்ல, பேத்தி கனவு காணுற ஒரே ஒரு பக்கத்தைத் தவிர, அங்க கட்டமும் இல்ல, கோடும் இல்ல, பக்கம் பூரா நீலம். திருப்பினா மறுபடி ஆறு கட்டம், வறண்ட கருப்பு-வெள்ளை. கடைசி நாலு பக்கத்துல ஆசிரியர் நம்மளை நம்பாம கேப்ஷன் போட்டு நிலத்தடி நீர் பாடம் நடத்திட்டாரு, படமே சொல்லிட்டதுக்கு அப்புறம் எதுக்கு? எழுத்தும் பொடி. இருந்தாலும் அந்த செருப்பு வச்ச குடத்துக்காகவே வச்சுக்கலாம். 24 பக்கம், நடு பின், 180 ரூபா, பத்து வயசுக்கு மேல யாரும் படிக்கலாம்."

ரெண்டாவதுல நான் "அருமை"ங்கற வார்த்தையே போடல, ஆனா செருப்பு வச்ச குடம் உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு இல்ல? அவ்வளவுதான் வித்தை. ஸ்டார் போடறதை நான் விட்டுட்டேன், மூணு ஸ்டார் போட்டா நல்லா இருக்குன்னு ஒருத்தரும் சுமார்னு ஒருத்தரும் எடுத்துக்கறாங்க, நடுவுல நம்ம எழுதினதை யாரும் படிக்கறதில்ல.

ஸ்டெப் 7: திட்டணும்னா

தனி ஆள் உழைப்புன்னு சொல்லி எல்லாத்தையும் பாராட்டறது ஒரு வியாதி. 300 ரூபா குடுத்து வாங்கறவனும் தனி ஆள்தான், அவன் உழைப்பும் உழைப்புதான். அதுக்காக கோடி ரூபா படத்தை கிழிக்கற மாதிரி கிழிக்கவும் வேணாம். குறையை புக் மேல வைங்க, ஆள் மேல வைக்காதீங்க, பக்க எண்ணோட வைங்க. "ஆக்‌ஷன் புரியல"ங்கறதை விட "14-ம் பக்கத்துல யாரு யாரை அடிக்கறாங்கன்னு தெரியல, ரெண்டு பேருக்கும் ஒரே சட்டை ஒரே தலைமுடி"ன்னு எழுதினா, அடுத்த இதழ்ல ஒருத்தனுக்கு தொப்பி வந்திருக்கும்.

புக் ஓசியா வந்துச்சுன்னா ஓசியா வந்துச்சுன்னு எழுதுங்க. வரைஞ்சவங்க உங்க நண்பர்னா அதையும். முன்கூட்டியே வந்த பிடிஎஃப்னா இது முடிஞ்ச வடிவமான்னு கேட்டுட்டு எழுதுங்க, சில சமயம் கடைசி பக்கங்கள் பென்சில் நிலையிலேயே அனுப்பியிருப்பாங்க. படம் போடணும்னா அட்டையும் ரெண்டு கட்டமும் போதும், முழு பக்கம்னா அனுமதி கேளுங்க, கேட்டா பெரும்பாலும் அவங்களே நல்ல ஸ்கேன் அனுப்புவாங்க. 24 பக்க புக்குல எட்டு பக்கத்தை போட்டோ எடுத்துப் போட்டுட்டு "ஆதரவு தாருங்கள்"னு எழுதற ஆளுங்களை என்ன சொல்ல.

ஸ்டெப் 8: சரியான நேரத்துல போடுங்க

இண்டி புக் ஐநூறோ முந்நூறோதான் அடிப்பாங்க, தீர்ந்தா தீர்ந்தது. ஸைனப் அக்தர் 2021-ல இணையத்துல ஆரம்பிச்ச ஷார்ட்பாக்ஸ் காமிக்ஸ் ஃபேர்ல அக்டோபர் ஒரு மாசம் மட்டும்தான் அந்த டிஜிட்டல் புக்கெல்லாம் விற்பனைக்கு இருக்கும்னு வச்சாங்க, நவம்பர்ல ரிவ்யூ போட்டு என்ன பிரயோஜனம். கிக்ஸ்டார்ட்டர்னா கடைசி தேதியைப் பாத்துக்கங்க. அமெரிக்க கடைகளுக்குப் போற புக்னா கடைக்காரங்க வாரக்கணக்குல முன்னாடியே ஆர்டர் குடுத்தாகணும், விக்கலைன்னா பெரும்பாலும் திருப்ப முடியாது, அதனால தெரியாத பேரை எடுக்க பயப்படுவாங்க. பல வருஷமா அந்த விநியோகத்தை கையில வச்சிருந்த டயமண்ட் கம்பெனி 2025 ஜனவரில திவால் மனு போட்டதுக்கு அப்புறம் சின்ன பதிப்பகங்களுக்கு பாக்கி வராம இன்னும் திண்டாட்டம். புக் வர்றதுக்கு முன்னாடி வர்ற நாலு நல்ல வரி அங்க நிஜமாவே ஆர்டரா மாறும்.

தகவல் வரியில பேர், படைப்பாளிங்க எல்லார் பேரும், மொழி, பக்கம், அளவு, கலரா கருப்பு-வெள்ளையா, விலை, தபால் செலவு, எங்க வாங்கலாம், எந்த வயசுக்கு, நீங்க படிச்சது அச்சா பிடிஎஃப்பா, இவ்வளவும் இருக்கணும். முதல் இதழ்னா தொடர்கதையா தனிக்கதையான்னு கண்டிப்பா சொல்லுங்க, தொடரும்னு போட்டு நிக்கற புக்கை வாங்கிட்டு காத்திருக்கறவன் சாபம் ரிவ்யூ எழுதினவனுக்குதான் வரும். எங்கிட்ட ஒரு நோட்டு இருக்கு, முதல் இதழ்னு நான் எழுதின ஒவ்வொண்ணையும் அதுல குறிச்சு வச்சு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டாவது வந்துச்சான்னு தேடுவேன். வந்திருந்தா பழைய ரிவ்யூ அடியில ஒரு வரி சேர்ப்பேன், வரலைன்னா அதையும் சேர்ப்பேன். போன மாசம் அப்படி தேடினப்ப ஒண்ணு கிடைச்சுது, அந்த ஜுரக் காமிக்ஸோட அடுத்த புக், இந்த தடவை சிவப்புக்கு பதிலா பச்சை, நான் இன்னும் ரெண்டாவது தடவைதான் படிச்சிருக்கேன், பச்சை எங்க நகருதுன்னு எண்ணிட்டு இருக்கேன்.